வலப்பக்கத்துப் பெட்டி

"எங்க பன்னெண்டு பேருக்கும் அவங்கவங்க பேர் போட்டு ஆர்டர் குடுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் கந்தசாமி மாமா என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டார். லீவு கேள், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு தருவார். உடம்பு முடியவில்லை என்று சொல், நம்புவார். வேலைக்கு எடுத்ததாக எழுத்தில் ஆர்டர் மட்டும் கேட்காதே. கேட்ட அன்றைக்கு நீ வாசலில் நிற்பாய், உனக்காகச் சொன்ன என் பேரும் கெடும் என்றார். எட்டு மாதம் கேட்காமல் இருந்தேன். இன்றைக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு, கம்ப்யூட்டர்கள் சூடாகத் தொடங்கிய நேரத்தில், எழுந்து நின்று கேட்டேன்.

டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன முதலாளி ஆதிமூலம் சார் அப்படியே நின்றார். பிறகு நிதானமாகக் குடித்து முடித்தார். கிளாஸை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, "கோகிலா, நீ உள்ள வா" என்றார்.

உள்ளே போவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் படிக்கக் கூடாது.

எங்கள் கம்பெனி கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் ரோட்டில், மோட்டார் பம்பு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. போர்டு கிடையாது. ஷிப்ட் காலை ஐந்தரைக்கு. எனக்கு நாலரை மணி முதல் பஸ். நான் கிளம்பும்போதே அப்பாவும் அம்மாவும் அரிவாளோடு கரும்புக் கொல்லைக்குக் கிளம்பியிருப்பார்கள். பனி இறங்கிய தோகை கையைக் கிழிக்கும் என்று அம்மா பழைய சாக்ஸின் முனையை வெட்டி முழங்கை வரை மாட்டியிருப்பாள். அவர்கள் வெட்டும் கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தால்தான் கொல்லையில் அரிவாள் இறங்கும். வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன அன்றைக்கு அப்பா கேட்டது ஒன்றுதான்.

"கரும்புக்கே ஆர்டர் வருதும்மா. ஒனக்கு எங்க?"

வரும்ப்பா என்றேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. பி.ஏ. இங்கிலீஷ். அறுபத்தெட்டு சதவீதம். அந்தச் சான்றிதழை அம்மா அரிசி டின்னில் போட்டு வைத்திருக்கிறாள், எலி தின்றுவிடும் என்று.

இப்போதைய வேலை இதுதான். அமெரிக்காவில் ஏதோ ஒரு பெரிய நகரத்தை ஒட்டி ஆர்ச்சர்ட் ஹில் என்றொரு புறநகர். அங்கே குடியேறிய சீனர்களுக்காக, சீன மொழியிலேயே ஒரு தினசரி வந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் வந்து நின்றுபோயிற்று. அதன் பழைய பக்கங்களைப் படம் பிடித்து ஒரு நூலகம் எங்களுக்கு அனுப்பும். ஒவ்வொரு செய்தியைச் சுற்றியும் நாங்கள் மவுஸால் பெட்டி போட வேண்டும். ஒரு செய்தி நாலு துண்டாகக் கிடந்தால் நாலு பெட்டி. எதை முதலில் படிப்பது, எதை அடுத்து என்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண் போட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆளுக்கு எழுபது பக்கம். எங்களில் யாருக்கும் சீனத்தில் ஓர் எழுத்து தெரியாது. ஊர்ப் பேரைத் தமிழில் மாற்றி, தோப்புமேட்டுப் பேப்பர் என்று நாங்களாகப் பேர் வைத்துக்கொண்டோம்.

பத்து மணிக்குள் கண்ணில் நீர் வடியும். மணிக்கட்டில் ஆரம்பிக்கும் குடைச்சல் தோள்பட்டைக்கு ஏறும். என் பக்கத்து நாற்காலி ஜெயசுதா கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் அந்தப்பக்கம் ஊர். கடைக்குப் பின்னால் சார் கொடுத்த ரூமில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கியிருக்கிறாள். மணிக்கட்டில் ரிப்பனை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மவுஸைத் தொடுவாள். கடுக்காய் பொறுக்கி மூட்டை தூக்கி மலை இறங்கினபோதுகூட இப்படி வலித்ததில்லை என்பாள்.

பன்னிரண்டு பேர் போடும் பெட்டியும் ஒரே ஐடியில் போகும். அந்த ஐடி சார் பேரில் இருக்கிறது. அமெரிக்காவைப் பொறுத்தவரை, இத்தனை ஆயிரம் பெட்டிகளையும் போட்டவர் ஆதிமூலம் என்கிற ஒரே மனிதர்.

தோப்புமேட்டுப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில், அடி மூலையில், பத்துப் பன்னிரண்டு வரி இங்கிலீஷில் இருக்கும். சீனம் படிக்கத் தெரியாமல் வளர்ந்துவிட்ட அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக. அதை எங்கள் மாடியில் படிக்கிறவள் நான் ஒருத்திதான். அதனால் அந்தப் பேப்பரின் கதை எனக்குத் தெரியும். எண்பத்து நாலில் ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் நாலு பக்கத்தோடு ஆரம்பித்தார்கள். எழுத்துகளை நீளப் பட்டையாக அச்செடுத்து, பிளேடால் அறுத்து, மெழுகு தடவிப் பலகையில் ஒட்டுவார்கள். சாப்பாட்டுக் கடை விளம்பரம், பல் டாக்டர் விளம்பரம், வீடு விற்பனை. பத்து வருடத்தில் இருபத்து நாலு பக்கம். அப்புறம் பக்கங்கள் இளைக்கத் தொடங்கின. இரண்டாயிரத்து ஒன்பதில் எட்டுப் பக்கமாகி, ஒரு செவ்வாய்க்கிழமை நின்றது.

தொண்ணூற்று ஒன்பதில் ஆண்டு விழாப் படம் ஒன்று போட்டிருந்தார்கள். ஒட்டுப்பலகைக்குப் பின்னால் வேலையாட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு குள்ளமான அம்மாள், கையில் பிளேடு. கீழே எல்லார் பேரும், சீனத்தில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை. அந்த அம்மாள் பேர் லில்லி சூ. அந்தப் படத்துக்குப் பெட்டி போடும்போது எனக்கு வயிறு எரிந்தது. பட்டையை அறுத்து ஒட்டுகிறவளுக்குப் பேர் போட்டிருக்கிறார்கள். நின்றுபோன ஒரு பேப்பர்மேல் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் அந்த எரிச்சல் தூரத்து எரிச்சல். பக்கத்திலேயே ஒன்று இருந்தது. அதன் பேர் ஷாஜியா.

ஷாஜியா எங்கள் டீம் லீடர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பை, பெட்டி விற்கிறார் அவள் அத்தா. வீடு கடைக்குப் பின்னாலேயே. ஐந்தே காலுக்கு எழுந்து முகம் கழுவி ஸ்கூட்டியில் ஐந்தரைக்கு வந்துவிடுவாள். படிப்பு பிளஸ் டூ. எழுபது பக்கத்தைப் பதினோரு மணிக்கே முடித்துவிட்டு, பின்தங்கினவர்களின் பக்கத்தையும் எடுத்துப் போடுவாள். ஜன்னல் ஓர நாற்காலி அவளுக்கு. சார் அவளை ஷாஜியாம்மா என்பார். என்னை ஏய் டிகிரி என்பார். நான் நாலு மணிக்கு இருட்டில் பஸ்ஸுக்கு நின்று, டிக்கெட்டுக்குச் சில்லறை தேடி, பட்டம் வாங்கின கையோடு வந்து அவளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அவள் சிரித்தால்கூட எனக்கு ஆகாது.

தோப்புமேட்டுப் பேப்பர் எங்களிடம் வந்த மூன்றாம் நாள் ஷாஜியா எழுந்து சொன்னாள். எழுத்தெல்லாம் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒரு செய்தியில் இடது கடைசி வரி பாதியில் நிற்கிறது, கீழே வெறுமையாக இருக்கிறது. முடிகிற இடத்தில்தானே வெறுமை வரும்? அப்படியானால் ஆரம்பம் வலப்பக்கம். நாங்கள் குர்ஆன் ஓதுகிற மாதிரி இதுவும் வலதிலிருந்துதான் வருகிறது போல. அப்படியென்றால் எல்லாரும் ஒன்றாம் நம்பரை இடப்பக்கத்துப் பெட்டியில் போடுவது தப்பு.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவ. நீ சொல்லு கோகிலா. நீ இன்னா சொல்றியோ அதையே போடுவோம்."

எனக்கு அந்த வெறுமை தெரிந்தது. அவள் சொல்வதற்கு முந்தின நாளே தெரிந்திருந்தது. ஆனால் அதை அவள் கண்டுபிடித்துச் சொல்கிறாள். அதுவும் பதினோரு பேர் முன்னால்.

"இது அரபி இல்ல, பேப்பர்" என்றேன். "பேப்பர்னா இடப்பக்கத்துலயிருந்துதான். அந்த மூலைல இங்கிலீஷ் எப்புடிப் போவுது, பாத்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷாஜியாவும் சிரித்தாள். நாற்பது நாள் இடப்பக்கத்திலிருந்தே போட்டோம்.

நாற்பத்தோராம் நாள் நூலகத்திலிருந்து மெயில் வந்தது. அனுப்பின பக்கம் எதுவும் செல்லாது, படிக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது, காரணம் யார் என்று விளக்கம் வேண்டும். சார் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து நடு ஹாலில் நின்று படித்தார். தலைகீழ் என்ற சொல்லுக்கு வந்ததும் ஷாஜியா பக்கம் திரும்பினார்.

"அரபி ஓதுற கை. வலப்பக்கத்துலயிருந்தே போயிருக்கும். நாந்தான் யோசிக்காம லீடரா போட்டேன்."

ஷாஜியா எழுந்தாள். "நாம இடப்பக்கத்துலயிருந்து போட்டதுதாங்க சார் தப்பு."

"இன்னா, எதுத்துப் பேசற?"

அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எது தப்பு, எது சரி என்பதே அவருக்குத் தெரியாது. பதினோரு பேருக்குத் தெரியும். ஷாஜியா என்னை ஒருமுறை பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். அதில் ஜி எழுத்து அழிந்துபோய் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அவளை அப்போதே போகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் நாற்பது நாள் வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும், ஷிப்ட் ஒரு மணிக்குப் பதில் மூன்று மணி வரை, அதற்குச் சம்பளம் கிடையாது என்றார். ஜன்னல் ஓர நாற்காலி காலியாயிற்று. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், திரும்பச் செய்த பக்கங்களில், தொண்ணூற்றாறாம் வருடத்துப் பக்கம் ஒன்று எனக்கு வந்தது. முதல் தடவை வேறு யாரோ போட்டது. வழக்கம்போல இங்கிலீஷ் மூலையைப் படித்தேன். நேற்றைய மரண அறிவிப்பில் ஒரு பெரியவரின் பேர் தவறாக வந்துவிட்டது, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று ஆரம்பித்தது. அதற்கு அடுத்த வரிகள் இப்படி: இதற்காக எங்களில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக அறிகிறோம். அந்தப் பக்கத்தை ஒட்டியது ஒருவர் அல்ல, நாங்கள் ஒன்பது பேர். கீழே ஒன்பது பேர். ஐந்தாவது பேர் லில்லி சூ.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். யாரை நிறுத்தப் பார்த்தார்கள் என்று அதில் இல்லை. யாராக இருந்தாலும், மூன்று வருடம் கழித்து எடுத்த படத்தில் ஒட்டுப்பலகைக்குப் பின்னால் ஒன்பது தலையும் கீழே இதே ஒன்பது பேரும் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஒவ்வொன்றையும் எண்ணித்தான் அன்றைக்கு எரிந்தேன். ஒருத்தரையும் அனுப்பவில்லை. கடைசியில் பேப்பரே நின்றுபோனது உண்மைதான். ஆனால் ஒருத்தரைத் தள்ளிவிட்டு நிற்கவில்லை.

அன்றைக்கு மூன்றரை மணி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கடையில் தோள்பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஷாஜியாவின் அம்மா காசிம் பீவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஷாஜியா கழுவின முகத்தோடு வந்து நின்றாள். எனக்கு முந்தின நாளே தெரியும், தெரிந்துதான் மாற்றிச் சொன்னேன் என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஒன் மூஞ்சியப் பாத்துக்கினுதானே இருந்தேன்."

"அப்புறம் ஏன் என் பேரச் சொல்லல?"

"சொன்னா நம்பிடுவாரா? நீ டிகிரி, நான் அரபி ஓதுற கை." கதவில் சாய்ந்துகொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நீ அந்த மூலையப் படிச்சிட்டுத் தனியா சிரிப்ப பாரு, எனக்கு அப்புடியே எரியும். எங்க வூட்ல பன்னெண்டோட நிறுத்திட்டாங்க. நீ வேணும்னுதான் எங்க முன்னால சிரிக்கிறன்னு நெனப்பேன். ஒனக்கு மட்டுந்தான் வயித்தெரிச்சல்னு நெனச்சிக்கினியா?"

மன்னிப்புக் கேட்டேன். அது எனக்கு வேண்டாம், அதை நீயே வைத்துக்கொள் என்றாள். அங்கே எல்லாரையும் சிரிக்க வைத்தாய் அல்லவா, அங்கேயே சொல். எழுதிச் சொல் என்றாள். தொண்ணூற்றாறாம் வருடத்து மூலையைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது பேரையும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவந்தாள்.

இரண்டு பேருமாக எழுதினோம். இந்தப் பெட்டிகளை நாங்கள் பன்னிரண்டு பேரும் போட்டோம். இடப்பக்கம் என்று சொன்னவள் கோகிலவாணி. சரியான பக்கத்தை மூன்றாம் நாளே சொன்னவள் ஷாஜியா. அவளைத் திரும்ப எடுக்க வேண்டும். திரும்பச் செய்யும் வேலையும் வேலைதான், அதற்குச் சம்பளம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் பேரில் ஆர்டர் வேண்டும். ஒரு படி சாருக்கு, ஒன்று கள்ளக்குறிச்சி தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு, ஒன்று நூலகத்துக்கு இங்கிலீஷில். அந்த இங்கிலீஷை நான் எழுதினேன். வரிக்கு வரி இதற்கு என்ன அர்த்தம் என்று ஷாஜியா கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் டீ இடைவேளையில், கீழே பம்புக் கடை நிழலில் நின்று படித்துக் காட்டினேன். என் பேர் வரும் வரியை உரக்கப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி நாற்காலித் தமிழரசன், "நாங்களும் வாயத் தொறக்கலியே, அத ஏன் எழுதல?" என்று கேட்டு, அந்த வரியைத் தானே சேர்த்தான். ஜெயசுதா மட்டும் தள்ளி நின்றாள். கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே ரூமைக் காலி பண்ணச் சொல்வார், சாமானைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டால் எங்கே படுப்பது என்றாள். எங்கள் வீடு இருக்கிறது என்றேன். ஒரே அறைதான், ஆனால் இருக்கிறது.

"ஒங்க வூட்ல நாலு பேரு நீட்டிப் படுக்க எடம் இருக்குமா?"

"நீட்டிப் படுக்க முடியாது. ஒருக்களிச்சிப் படுக்கலாம்."

ஜெயசுதா மணிக்கட்டு ரிப்பனை அவிழ்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஷாஜியாவோடு சேர்த்துப் பன்னிரண்டும் விழுந்தது.

அந்தத் தாளைத்தான் இன்றைக்குக் காலை சார் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் முதலில் சொன்ன வார்த்தையைச் சொன்னேன்.

உள்ளே போனேன். சார் எங்கள் தாளை மடித்து டெலிபோனுக்கு அடியில் வைத்துவிட்டு, டிராயரைத் திறந்து வேறொரு தாளை எடுத்தார். அது முன்பே டைப் அடித்திருந்தது. யாரோ நேற்றே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மேலே கம்பெனிப் பேர், அதை முதல்முறையாக இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கீழே என் பேர், அப்பா பேர், எங்கள் ஊர். பதவி டீம் லீடர்.

"இதானே வேணும்? புடி."

"எங்குளுக்குன்னு கேட்டேங்க சார்."

"கும்பலா கேட்டா ஒருத்தருக்கும் கெடையாது. ஒனக்கு உண்டு. டிகிரி முடிச்ச பொண்ணு, அதுங்களோட சேந்துக்கினு ஏன் கெட்டுப்போற?"

"தப்பு பண்ணது நானு. அதுல எழுதியிருக்கேன், படிங்க சார்."

"யாரு பண்ணா இன்னா? ஒரு ஆளக் காட்டுன்னு கேட்டான். காட்டிட்டேன். தூக்கிட்டேன்னு மெயிலும் போட்டாச்சு."

"அவங்களுக்கு எங்கள்ல ஒருத்தர் பேராவது தெரியுமாங்க?"

அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. "சீனம் தெரிஞ்ச ஆளுங்கள வெச்சி செய்றேன்னு சொல்லி வாங்கின வேலம்மா இது. ஜெயசுதா, கோகிலவாணின்னு எழுதினா நம்புவானா?"

நான் சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், கை போயிற்று. இரண்டு விரல் அதன் ஓரத்தைத் தொட்டது. வழவழப்பான தாள். அப்பா இதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார், அம்மா அரிசி டின்னைத் திறப்பாள். ஜன்னல் ஓர நாற்காலி. எட்டு மாதம் நான் எதற்கெல்லாம் எரிந்தேனோ அத்தனையும் ஒரே தாளில் என் பக்கம் திரும்பி இருந்தது. ஒரு பேர்தான் அதில் இருந்தது.

விரலை எடுத்தேன்.

"நாளைக்கே மலைலயிருந்து பத்து பொண்ணுங்கள எறக்குவேன்" என்றார். சத்தம் ஏறவில்லை. பம்புக் கடைக்காரரிடம் வாடகை பேசுகிற குரல்தான்.

"எறக்குங்க சார். அவங்களும் ஒரு நாளு ஆர்டர் கேப்பாங்க."

வெளியே வந்தேன். கதவோரச் சுவரில் எங்கள் செல்போன்களைப் போட்டு வைக்கும் மர அடுக்கு இருக்கிறது, பன்னிரண்டு பொந்து. ஷிப்ட் முடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. மூன்றாவது பொந்தில் கைவிட்டு என்னுடையதை எடுத்தேன். ஷாஜியாவிடமிருந்து ஒரு செய்தி, கீழே நிற்கிறேன் என்று. மணி ஆறே கால். தொழிலாளர் துறை அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். பரவாயில்லை, உட்கார்ந்திருப்போம்.

என் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் பாதியில் நின்றது. குனிந்து, வலப்பக்கத்துப் பெட்டியில் ஒன்று என்று போட்டுவிட்டு நிமிர்ந்தேன். எதிர் நாற்காலி அஜித் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுக்குப் பின்னால் தேவதர்ஷினி முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

படி முகப்பில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. என்னுடையதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது, பின்னால் மர அடுக்கிலிருந்து ஒரு போன் எடுக்கும் சத்தம் கேட்டது. இன்னொன்று. அப்புறம் நாற்காலிகள் நகர்ந்தன. ஜெயசுதா என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, தன் செருப்பை மாட்டினாள்.

"நகரு" என்றாள். "எல்லாரும் எறங்கணும்."

இறங்கினேன்.